திப்பு சுல்தானும் அவர்தம் வாளும்

பாலக்காட்டில் வாழும் தமிழர்களாகிய நாம் மாலை வேளையில் காற்று வாங்கச் செல்லும் இடங்களுள் முதன்மையானது கோட்டை. சுற்றிலும் அகழி, அதனையடுத்துக் கருங்கல் மதில், உள்ளே ஆஞ்சநேயர் சந்நிதி. இதனைத் திப்புவின் கோட்டை என்றே ஊரார் அழைக்கின்றனர். கட்டியவர் திப்பு அல்லர். அவர் தந்தையார் ஐதர் அலி. எனினும் பெயரென்னவோ மைந்தருக்கே நிலைத்துவிட்டது.

2023-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் இலண்டன் மாநகரில் வாளொன்று ஏலம் விடப்பட்டது. அது திப்பு சுல்தானின் படுக்கையறையில் கண்டெடுக்கப்பட்ட வாள். ஏலத்தில் அது பெற்ற விலை 1 கோடியே 40 இலட்சம் பவுன். நம் நாணயத்தில் 140 கோடி ரூபாய்க்கும் மேல். இச்செய்தி வெளிவந்தபோது நம்மவரிடையே இருவகைப் பேச்சு எழுந்தது. ஒரு சாரார், நம் நாட்டு வீரரின் வாளுக்கு இத்துணைப் பெருமையா என்று பூரித்தனர். மற்றொரு சாரார், மலையாள நாட்டையே கலங்கடித்த வாளன்றோ அது, அதற்கு இவ்வளவு கொண்டாட்டம் எதற்கு என்று முகம் சுளித்தனர். இரு பேச்சும் இம்மண்ணில் எழக்கூடியனவே. இவற்றுள் எது சரியென்று அறிய வேண்டுமாயின், அவ்வாளுக்கு உரியவரின் வரலாற்றை முதலிலிருந்து காணல் வேண்டும். நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அதனைச் சுருக்கமாகச் சொல்ல முற்படுகின்றோம்.

பிறப்பும் பயிற்சியும்

பெங்களூருக்கு அண்மையிலுள்ள தேவனஹள்ளியில் 1750-ஆம் ஆண்டு திப்பு பிறந்தார். தாயார் பாத்திமா பக்ருன்னிசா. ஆற்காட்டில் அடக்கமாகியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்னும் இறையடியாரின் பெயரையே பெற்றோர் குழந்தைக்கு இட்டனர். மைசூர்ப் புலி என்று பிற்காலத்தில் உலகம் அழைத்த வீரரின் பெயர் தமிழ்நாட்டு மண்ணிலிருந்து சென்றதே என்பதை நம்மில் பலர் அறியார்.

ஐதர் அலி எழுதப் படிக்க அறியாதவர். சாதாரணப் போர்வீரராகத் தொடங்கித் தம் வாள் வலியாலும் அறிவுக் கூர்மையாலும் உயர்ந்தவர். 1755-இல் அவர் திண்டுக்கல்லில் மைசூர் அரசின் பவுஜ்தாராக அமர்ந்தார். 1757-இல் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் படைக்கு ஆற்றாத பாலக்காட்டு அச்சன், திண்டுக்கல்லிலிருந்த ஐதரிடம் உதவி வேண்டினார். ஐதரும் படை அனுப்பினார். மைசூரின் வாள் பாலக்காட்டுக்குள் முதன்முதலில் நுழைந்தது அப்போதுதான். அதுவும் பகையாக அன்று, அழைப்பின் பேரில். வாயிலைத் திறந்துவிட்டவர் உள்ளூர் அரசரே என்பதை நாம் மறத்தலாகாது.

1766-இல் ஐதர் மலையாள நாட்டின்மீது பெரும்படையுடன் வந்தார். பாலக்காட்டுக் கோட்டை எழுந்ததும் அவ்வாண்டிலேயே. அப்போது பதினைந்து வயதினரான திப்பு தந்தையாருடன் வந்து போர்க்களத்தைக் கண்டார். தாம் கல்லாத குறையை நன்குணர்ந்த ஐதர், மைந்தருக்குப் பாரசீகம், அரபு, கன்னடம், உருது ஆகிய மொழிகளைக் கற்பித்தார். காஸி கான் என்னும் படைத்தலைவரைக் கொண்டு வாட்பயிற்சியும் குதிரையேற்றமும் பழக்கினார். வாளேந்திய கை எழுதுகோலையும் ஏந்தியது. தாம் கண்ட கனவுகளைத் திப்பு தம் கைப்படப் பாரசீகத்தில் எழுதி வைத்த ஏடு இன்றும் இலண்டன் நூலகத்தில் உள்ளது.

உருக்கின் பெருமை

ஈண்டு அக்காலத்து வாளைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். கொங்கு நாட்டிலும் சேலத்திலும் மைசூரிலும் உருக்குக் காய்ச்சும் தொழில் மிகப் பழமையானது. ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, உருக்குத் தொழிலின் பழந்தடயங்கள் கிடைத்துள்ளன. தேனிரும்புத் துண்டுகளைச் சிறு மண் மூசையில் இட்டு, ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் உடன் வைத்து, வாயைக் களிமண்ணால் மூடி, துருத்தி ஊதிப் பல மணி நேரம் காய்ச்சுவர். தழையும் குச்சியும் கரியாகி அக்கரி இரும்பில் ஏறும். இரும்பு உருகி உருக்காகும். ஆறிய பின் மூசையை உடைத்தால் கைக்கடங்கும் கட்டி ஒன்று கிடைக்கும். அதனை அளவான சூட்டில் வைத்துப் பொறுமையுடன் தட்டி நீட்டினால் வாளின் அலகு உருவாகும். அலகின்மேல் நீரலை போன்ற வரிகள் தோன்றும். மேனாட்டார் டமாஸ்கஸ் வாள் என்று போற்றிய வாள்களுக்கு இந்நாட்டு உருக்கே கப்பலேறிச் சென்றது.

ஆங்கிலேயர் இதனை வூட்ஸ் என்றனர். உருக்கு என்னும் நம் சொல்லுக்கும் உக்கு என்னும் கன்னடச் சொல்லுக்கும் உறவான பெயர் அது. மின்சாரத் துறையில் பெரும் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே 1819 முதல் இவ்வுருக்கை ஆராய்ந்தார். 2006-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து அறிஞர்கள், பழைய டமாஸ்கஸ் வாளொன்றின் துணுக்கில் கண்ணுக்குப் புலப்படாத கரிநுண்குழல்கள் இருத்தலைக் கண்டு வியந்தனர். எருக்கிலை கிள்ளி மூசையிலிட்ட கொல்லர் இதனை அறிந்திலர். ஆயினும் அவர் கை அறிந்திருந்தது.

திப்புவின் படைவீரர் ஏந்திய தல்வார் வளைந்த அலகுடையது. பிடி கையைக் கவ்வினாற்போல் குறுகியது. பிடியின் தலையில் வட்டத் தகடொன்று இருக்கும். வீசி இழுத்து வெட்டுவதற்கென்றே அமைந்த வடிவம் அது. எதிர்ப்பக்கத்து ஆங்கிலக் காலாட்படை அதிகாரி 1796-ஆம் ஆண்டு முறைப்படி அணிந்த வாளோ நேரானது, மெல்லியது. அது கொலுவுக்கு அழகேயன்றிப் போருக்கு உதவாதென்று அவ்வதிகாரிகளே குறை கூறினர். திப்பு ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்திரதுர்க்கம், நகர் ஆகிய இடங்களில் படைக்கலச் சாலைகள் நிறுவினார். அவற்றில் ஆக்கிய வாளிலும் துப்பாக்கியிலும் பீரங்கியிலும் புலிவரியும் புலித்தலையும் பொறிக்கச் செய்தார். கண்டவுடன் யாருடைய படைக்கலம் என்று பகைவன் அறிய வேண்டுமென்பது அவர் எண்ணம்.

கணவாயில் வந்த செய்தி

1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதரும் திப்புவும் சூழ்ந்து முறியடித்தனர். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி அது. அன்று படுகாயத்துடன் சிறைப்பட்டவர்களுள் டேவிட் பேர்டு என்னும் இளம் காப்டன் ஒருவர். அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் விலங்குடன் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் கிடந்தார். அன்பர்கள் இப்பெயரை நினைவிற் கொள்க. இவ்வரலாற்றின் முடிவில் அவர் மீண்டும் வருவார்.

1782-இல் கர்னல் ஹம்பர்ஸ்டன் மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டை நோக்கி வந்தார். கோட்டையின் வலிமை கண்டு மனந்தளர்ந்து திரும்பினார். அதற்குள் கிழக்கேயிருந்து திப்பு விரைந்து வந்து, பாரதப்புழைக் கரையோடு அவரைப் பொன்னானி வரை துரத்தினார். இன்று வாளையாற்றைக் கடந்து நம் இரயில்கள் நுழையும் கணவாய்தான், அக்காலத்தில் கிழக்கிலிருந்து மலையாளம் புகும் படைகளுக்கும் வாயில். பொன்னானியில் திப்பு நடத்திய தாக்குதல் வெற்றி பெறவில்லை. அடுத்து என் செய்வது என்று எண்ணிக்கொண்டிருந்த நாளில், டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூருக்கு அண்மையில் பாசறையில் ஐதர் உயிர் நீத்தார் என்னும் செய்தி வந்தது. தந்தையை இழந்த துயரத்தை வாய்விட்டு அழவும் நேரமில்லை. அரசுரிமையைக் காக்க வேண்டி அப்படியே முற்றுகையைக் கைவிட்டுக் கிழக்கே விரைந்தார். திப்பு சுல்தானாகிய செய்தி அவரை வந்தடைந்தது நம் பாரதப்புழைக் கரையிலேயே என்று எண்ணும்போது, இம்மண்ணுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு நன்கு விளங்கும்.

அவர் கிழக்கிலும் மங்களூரிலும் போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1783 நவம்பரில் கர்னல் புல்லர்டன் ஆனைமலைக் காட்டின் அடைமழையூடே படை நடத்தி வந்து பாலக்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். 1784 மார்ச்சு 11-ஆம் நாள் மங்களூர் உடன்படிக்கை ஏற்பட்டது. கோட்டை மீண்டும் திப்புவிடம் வந்தது. பேர்டும் விடுதலை பெற்றார்.

மலையாள நாட்டின் துயரம்

இனிச் சொல்ல வேண்டுவது கசப்பானது. எனினும் அதனைச் சொல்லாது விடுதல் முறையன்று. 1788-இல் திப்பு தாமே மலையாளம் வந்தார். தம் ஆட்சிக்கு அடங்காது மீண்டும் மீண்டும் கிளர்ந்த நாயர் குடிகளை ஒடுக்கக் கடுமையான வழிகளைக் கையாண்டார். கட்டாய மதமாற்றம் நிகழ்ந்தது. குடும்பங்கள் மைசூருக்குப் பெயர்த்துச் செல்லப்பட்டன. கோயில்கள் பல அழிவுற்றன. அரச குடும்பத்தினர் முதல் ஏழைகள் வரை ஆயிரக்கணக்கானோர் காடும் ஆறும் கடந்து திருவிதாங்கூரில் புகலடைந்தனர். அவர்களுக்குச் சோறும் இடமும் அளித்தமையால் கார்த்திகைத் திருநாள் இராமவர்மரைத் தர்மராஜா என்று மக்கள் போற்றினர். நம் அண்டை வீட்டார் சிலரின் இல்லங்களில் பாட்டிமார் வாய்வழி வந்த நினைவாக இது இன்றும் நிற்கின்றது.

அதே திப்பு, 1791-இல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, சுவாமிகளுக்கு வணக்கத்துடன் மடல்கள் எழுதிப் பொன்னும் பொருளும் அனுப்பிப் பூசை தொடரச் செய்தார். அவர் அரண்மனைக்கு அருகேயே அரங்கநாதர் கோயில் மணி இடையறாது ஒலித்தது. மலையாளத்தில் பீரங்கி செல்லும் அகன்ற சாலைகளை அமைத்தவரும் அவரே. பின்வந்த ஆட்சியாளர் அச்சாலைகளையே பயன்படுத்தினர். ஒரு செயலைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் நேர்மையன்று. சிருங்கேரிக்கு அனுப்பிய பொன், நாடு துறந்து ஓடியவர்களின் கண்ணீரைத் துடைத்துவிடாது. அக்கண்ணீரும் சிருங்கேரி மடல்களைப் பொய்யாக்கிவிடாது.

நெடுங்கோட்டை

ஓடியவர்களுக்குப் புகலளித்த திருவிதாங்கூரின்மீது திப்புவின் சினம் திரும்பியது. கொடுங்கல்லூர்க் கோட்டையை டச்சுக்காரரிடமிருந்து திருவிதாங்கூர் விலைக்கு வாங்கியது மற்றுமொரு காரணமாயிற்று. திருவிதாங்கூரின் வடவெல்லையில் கடலோரத்திலிருந்து ஆனைமலை அடிவாரம் வரை ஏறக்குறைய 30 மைல் நீளத்துக்கு மண்ணாலும் கல்லாலும் ஆன அரண் ஒன்று இருந்தது. அதுவே நெடுங்கோட்டை. குளச்சல் போரில் தோற்றுப் பின்னர்த் திருவிதாங்கூரின் படைத்தலைவராகவே உயர்ந்த, டச்சுப் படையைச் சார்ந்திருந்த டிலனாய் அதனை வலுப்படுத்தியிருந்தார். ஆனைமலைக்கு அப்பால் இன்றைய இடுக்கி மாவட்டத்து உயர்மலைகள் தொடர்வதால், அவ்வழியே பெரும்படை சுற்றி வருதல் இயலாது. ஆகவே அரணை உடைத்தே செல்ல வேண்டியிருந்தது.

1789 டிசம்பர் 29-ஆம் நாள் விடியற்காலையில் திப்பு தாமே முன்னின்று அரணைத் தாக்கினார். ஒரு பகுதி கைக்குள் வந்தது. ஆனால் ஒதுக்கிடத்திலிருந்து சிறு கூட்டத்தார் திடீரெனச் சுட, படை குழம்பிச் சிதறியது. ஒருவர்மேல் ஒருவர் அகழியில் விழுந்து மாண்டனர். சுல்தானும் நெரிசலில் காயமுற்று அரிதில் தப்பினார். அவருடைய பல்லக்கும் முத்திரைகளும் அணிகளும் பகைவர் கைப்பட்டன. அவர் வாளும் அன்றே கைப்பட்டதென்று திருவிதாங்கூர்ப் பக்கத்தார் வழிவழியாகக் கூறுவர். 1790 ஏப்ரலில் பீரங்கி கொண்டு அரணைத் தகர்த்து ஆலுவா வரை சென்றார். அதற்குள் பருவமழை தொடங்கியது, பெரியாறு பெருகியது, ஆங்கிலேயர் போருக்கு எழுந்த செய்தியும் வந்தது. அவர் திரும்ப வேண்டியதாயிற்று.

அவ்வாண்டு செப்டம்பரில் கர்னல் ஸ்டூவர்ட் பாலக்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். பின்பு அது மைசூருக்குத் திரும்பவேயில்லை. 1792 மார்ச்சு 18-ஆம் நாள் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு நாட்டில் பாதியை இழந்தார். மலையாளமும் திண்டுக்கல்லும் சேலமும் போயின. 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தண்டம் செலுத்தும் வரை, பத்து வயதும் அதனினும் குறைந்த வயதுமான இரு புதல்வரைப் பிணையாக ஆங்கிலேயரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. வாளால் வென்றதெல்லாம் போயிற்று. தாம் பெற்ற பிள்ளைகளையும் பிரிய வேண்டிவந்தது.

இறுதி நாள்

1799 மே 4-ஆம் நாள் நண்பகல். ஸ்ரீரங்கப்பட்டணத்து மதிலில் பிளவு விழுந்துவிட்டது. திப்பு மதிலோரத்துச் சிறு கூடாரத்தில் உணவுண்ணத் தொடங்கியபோது, நம்பிக்கைக்குரிய படைத்தலைவர் சையது கபார் மாண்டார் என்னும் செய்தி எட்டியது. கைகழுவி எழுந்தார், வாளையும் துப்பாக்கியையும் கேட்டு வாங்கிக்கொண்டு பிளவை நோக்கி நடந்தார். எதிரே வந்த படையை நடத்தியவர் யார்? அவருடைய சிறையில் விலங்கு சுமந்த அதே டேவிட் பேர்டு! அப்போது அவர் மேஜர் ஜெனரல்.

சாதாரண வீரனைப்போல் நின்று சுட்டும் வெட்டியும் போரிட்ட திப்பு, பல காயங்களுடன் ஒரு வாயிலருகே விழுந்தார். உடனிருந்த ஊழியர், தாம் சுல்தான் என்பதை வெளிப்படுத்தி உயிர் காத்துக்கொள்ளுமாறு வேண்டினார். திப்பு இசையவில்லை. அவ்வேளை ஆங்கிலப் போர்வீரன் ஒருவன், அவர் இன்னாரென்று அறியாமல், இடையிலிருந்த வாட்கச்சையின் பொன் கொக்கியைப் பறிக்கக் கை நீட்டினான். குற்றுயிராய்க் கிடந்த சுல்தான் கையில் எஞ்சியிருந்த வாளால் அவன் முழங்காலில் வெட்டினார். அவன் நெற்றிப்பொட்டில் சுட்டான். இருள் சூழ்ந்தபின் பேர்டு தீப்பந்த ஒளியில் பிணக்குவியலினிடையே அவ்வுடலைக் கண்டார். உடல் வெதுவெதுப்பாக இருந்தமையால் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி நாடி பார்த்தே சாவை உறுதி செய்தார். மறுநாள் பெற்றோர் அருகே திப்பு அடக்கம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 48.

வாள் சென்ற வழி

கோட்டையைப் பிடித்த பேர்டு அதன் தலைமையைத் தாமே பெறுவார் என்று எண்ணியிருந்தார். ஆனால் அப்பதவி கவர்னர் ஜெனரலின் தம்பியாகிய ஆர்தர் வெல்லெஸ்லிக்குச் சென்றது. பிற்காலத்து வெல்லிங்டன் பிரபு அவரே. பேர்டுக்குக் கிடைத்தது, திப்புவின் படுக்கையறையில் இருந்த வாள். படையினர் தங்கள் நன்மதிப்பின் அடையாளமாக அதனை அவருக்கு அளித்தனர்.

அதன் அலகில், அரசனின் வாள் என்னும் பொருள்படும் பாரசீகச் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பிடியில் இறைவனின் திருப்பண்புகள் பொன்னெழுத்துகளாய் இழைக்கப்பட்டுள்ளன. அலகோ, 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஜெர்மானிய வாள்களைப் பின்பற்றி மொகலாயக் கொல்லர் ஆக்கியது. மேனாட்டார் நம் உருக்கைத் தேடிவர, நம் அரசர் மேனாட்டு வடிவ வாளைத் தலைமாட்டில் வைத்திருந்தார்! பேர்டு 1801-இல் இந்தியப் படையுடன் எகிப்துக்கும் சென்றார். அவ்வெகிப்துப் போரில் மம்லூக் வீரரின் வளைந்த வாளைக் கண்ட ஆங்கில அதிகாரிகள் அதன்மேல் மோகங்கொண்டனர். 1831 முதல் ஆங்கிலத் தளபதிகளின் சடங்கு வாள் அவ்வடிவத்தையே பெற்றது.

வாளின் புகழ் எத்தகையது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. நிஜாமின் குதிரைவீரர் வாள்வீச்சின் கடுமையைக் கேள்வியுற்ற நோலன் என்னும் ஆங்கில அதிகாரி, அவர்களுடைய வாள்களைப் பார்க்க விரும்பினார். அவையோ ஆங்கிலப் படை கழித்துவிட்ட பழைய அலகுகள்! நம்மவர் அவற்றுக்குப் புதுப் பிடியிட்டு, நன்கு தீட்டி, மர உறையில் வைத்து, போரின்றி உருவாமல் காத்தனர். ஆங்கிலேயரின் வாள்களோ இரும்பு உறையில் உராய்ந்து மழுங்கின. இதனை அவர் 1853-இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். எனவே வாளின் புகழ் இரும்பில் மட்டுமன்று; அதனைப் பேணும் கையிலும் உள்ளது.

பேர்டின் வழித்தோன்றல்களிடம் தலைமுறை தலைமுறையாய் இருந்த வாள் 2003-இல் விற்கப்பட்டு, 2023-இல் மீண்டும் ஏலமேறியது. 2014-இல், திப்புவின் விரலிலிருந்து எடுக்கப்பட்டதென்று கூறப்படும் பொன் மோதிரம் ஒன்றும் இலண்டனில் ஏலம் போயிற்று. அதில் நாகரி எழுத்தில் இராம் என்னும் திருநாமம் பொறித்திருந்தமை கண்டு உலகம் வியந்தது.

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இனி வருவோம். ஏலத்தில் 140 கோடி பெற்ற வாள், திப்பு ஏந்திப் போரிட்டு மடிந்த வாள் அன்று; அறையில் இருந்த வாள். அவர் இறுதி வரை கைவிடாத வாளுக்கு எவரும் விலை கூற இயலாது. அஞ்சாது நின்று மடிந்த அவ்வீரத்தைப் போற்றுவோர் போற்றுக, தவறில்லை. நெடுங்கோட்டைக்கு அப்பால் ஓடிப் பிழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் அவ்வாளைக் கொண்டாட மறுத்தால், அதுவும் தவறில்லை. இரு நினைவும் உண்மையே. ஒன்றற்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்குமாறு எவரையும் நாம் கேட்டல் ஆகாது.

பிழைப்பு நாடி வந்த நாம் இம்மண்ணில் வேர் ஊன்றி வாழ்கின்றோம். மலையாள அன்பர் தம் முன்னோரின் துயரத்தைக் கூறுங்கால் குறுக்கிடாது கேட்போம். மைசூர்ப் பக்கத்து அன்பர் தம் சுல்தானின் வீரத்தைக் கூறுங்காலும் அவ்வாறே கேட்போம். மாலையில் கோட்டைக்குச் செல்லும்போது நம் பிள்ளைகள் இது யார் கட்டியது என்று கேட்பர். பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல், இரு பக்கத்துக் கதையையும் அவர்களுக்கு எடுத்துரைப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!